பொன்னியின் தழும்பு கை மாறிய விவரம்

2001ஆம் வருஷம் மாசி மாதம், கீழ்பென்னாத்தூர் பொன்னியின் இடது கையில் இருபது வருஷமாக இருந்த வெந்நீர்த் தழும்பு ஒரு மத்தியான வேளையில் காணாமல் போனது. அதே வேளையில் அது திருவண்ணாமலை தேரடித் தெருவில், தைத்து முடித்துக் கொக்கி வைப்பதற்காகத் தொங்கவிட்டிருந்த மாம்பழக் கலர் ஜாக்கெட் ஒன்றின் இடது கையில் வந்து சேர்ந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் வர முக்கால் மணி நேரம் ஆகும். தழும்பு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் மணிலாக் கொட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, நல்ல விலை இருந்தது, மழை மட்டும் கம்மி.

பொன்னிக்கும் அந்த ஜாக்கெட்டுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பொன்னி, கீழ்பென்னாத்தூரில் நிலம் வைத்திருந்த சின்னசாமியின் மூத்த மகள். சின்னசாமி கட்சியில் சேர்வதற்கு முன்னால் பிறந்ததால் அவளுக்குப் பொன்னி என்ற பெயர் கிடைத்தது. சேர்ந்த பிறகு பிறந்த மகனுக்கு இளஞ்செழியன் என்று வைத்தார். அந்தப் பெயரை முழுசாகச் சொல்ல ஊரில் யாருக்கும் பொறுமை இல்லை, செழியன் என்றே கூப்பிட்டார்கள். அவன் நடக்கப் பழகிய வருஷமே தாய் போய்விட்டாள். அதன்பிறகு அடுப்பு, மாடு, தம்பி மூன்றும் பொன்னியின் கைக்கு வந்தன. பதினைந்து வயதில் அவள் நெல் அவித்துக்கொண்டிருந்தபோது அண்டா சாய்ந்து, கொதித்த தண்ணீர் இடது தோளுக்குக் கீழே தொடங்கி முழங்கை வரை இறங்கியது. ஆறியபோது அந்தத் தழும்பு ஓர் ஏரியின் வடிவத்தில் இருந்தது. கரை தெரியும், கரையில் ஒரு நெளிவு தெரியும், உள்பக்கம் மதகு போலச் சின்னதாக ஒரு வாய் தெரியும். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் அதைப் பார்த்துவிட்டுக் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது வீட்டார் வந்தபோது, அப்பாவுக்கு யார் சோறு போடுவது என்று பொன்னியே வேண்டாம் என்றாள்.

வடஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த 1989இல் செழியன் அவளை வரைந்தான். சென்னையில் உடை வடிவமைப்புப் படிக்க மனுப் போட்டிருந்தான், ஒரு ஆளை நேரில் பார்த்து வரைந்த படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவனுக்கு உட்காரக் கிடைத்த ஒரே ஆள் அக்காதான், அவளுக்கும் உட்கார நேரம் இல்லாததால் களத்தில் முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செழியனுக்கு அந்த வயதில் பொய்யாக வரையத் தெரியாது. சுமை தூக்கிச் சரிந்திருந்த தோளைச் சரிந்தபடியே போட்டான். தழும்பையும் விடவில்லை, அதன் கரை ஓரமாகச் சாய்ந்த சாய்ந்த பென்சில் கோடுகளால் நிழல் கொடுத்தான். முகம் ஒன்றுதான் பாக்கி, அதற்குள் பஸ் வந்துவிட்டது.

"மூஞ்சி எங்கடா?" என்று பொன்னி கேட்டாள்.

"அப்பறமா போட்டுக்கலாங்க்கா," என்று சொல்லிவிட்டுச் சுருட்டிக்கொண்டு ஓடினான்.

சென்னையில் முகம் தேவையே இல்லை என்று சொல்லிக்கொடுத்தார்கள். பார்க்கிறவர் கண் துணிமேல் நிற்க வேண்டுமாம். உடை வரைகிற உருவம் ஒன்பது தலை உயரம் இருக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள், அந்த உயரத்தில் நம் ஊர் கோபுரத்துப் பொம்மைகள்கூட இல்லை. செழியன் கரி, போஸ்டர் கலர், டிரேசிங் தாள் எல்லாம் பழகிக்கொண்டு வந்து 1993இல் தேரடித் தெருவில் கடை வைத்தான். ஒன்பது தலைப் பெண்களை வரைந்து கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினான். கட்டர் வேணு, படத்தில் இருக்கிற கழுத்தை அப்படியே துணியில் வெட்டினார். தைத்து வாங்கிப் போன ஜாக்கெட்டெல்லாம் தோளிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்து, இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. ஊர்ப் பெண்கள் திட்டிக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்தார்கள். அப்போதுதான் செழியன் பெட்டியின் அடியிலிருந்து அக்காவின் படத்தை எடுத்தான். அதன்மேல் டிரேசிங் தாளைப் போட்டு, அந்தச் சரிந்த தோளுக்கும் அகலமான முதுகுக்கும் ஏற்றபடி கழுத்தும் கையும் வரைந்து, வண்ணம் கொடுத்தான். அதைப் பார்த்து வெட்டியது எல்லாருக்கும் உட்கார்ந்தது. தண்ணீர் தூக்கிய தோள்தானே நம் ஊரில் பாதிப் பேருக்கு. இரண்டு வருஷத்தில் வேங்கிக்கால் அதிகாரி வீடுகளிலிருந்து ஆட்டோவில் வந்து நிற்கிற அளவுக்குக் கடைக்குப் பெயர் வந்தது. கை மட்டும் எப்போதும் முழங்கை வரை நீளமாக இருக்கும். அதுதான் அவன் பாணி என்று ஊர் நினைத்துக்கொண்டது.

பெயர் வந்தவனுக்கு வருகிற வியாதி அவனுக்கும் வந்தது. மணிலா பிடுங்கி முடிந்ததும் பொன்னி ஒரு பை நிறையப் பச்சைக் கொட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு வருவாள். புழுதிக் கால், ஏற்றிச் செருகிய புடவை, வெற்றிலை வாய். ஒருமுறை வேங்கிக்கால் ஜோதியம்மாள் தன் மகள் வினோதினியோடு கடையில் இருந்தார். கடையின் பெரிய வாடிக்கைக்காரர். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த படத்தைக் காட்டி, "யாருப்பா இது, உடம்பு இவ்ளோ நல்லா அமைஞ்சிருக்குது?" என்று கேட்டார். செழியன், "யாரும் இல்லீங்க, கற்பனைதான்," என்றான். அந்த நேரம் பொன்னி பையோடு படியேறினாள். இது யார் என்று ஜோதியம்மாள் பார்வையாலேயே கேட்டார். "ஊர்லருந்து வந்திருக்காங்க," என்றான் செழியன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது, அதனால்தான் அதைச் சொல்லிவிட்டு அவனால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொன்னி பையை ஓரமாக வைத்துவிட்டு, வேணு கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அதற்குப் பிறகு கொட்டையை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். சின்னசாமி இறந்து காரியம் முடிந்த பிறகு செழியன் கீழ்பென்னாத்தூர் பக்கம் போவதும் பொங்கலுக்குப் பொங்கல் என்று ஆனது.

1999இல் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது, கூடவே ஒரு ஸ்கேனர். செழியன் அக்காவின் பென்சில் படத்தை அதற்குள் கொடுத்தான், அது பச்சை வெளிச்சத்தில் ஒருமுறை அவள்மேல் தலை முதல் கால் வரை போய்த் திரும்பி வந்தது. வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியையும் அதே மாதிரி உள்ளே கொடுத்து, உருவத்துக்கு உடுத்திக் காட்டலாம். கழுத்து வட்டமா சதுரமா, பார்டர் மேலா கீழா, எல்லாம் கண் எதிரில் மாறும். முன்பு ஒரு படத்துக்கு அரை நாள் பிடித்தது, இப்போது டீ ஆறுவதற்குள் ஐந்து காட்டினான். சாமி கும்பிட வருகிறவர்கள்கூடச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார்கள். டிசைன்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன, அத்தனையும் அந்த ஒரே உருவத்தின்மேல்தான் தொங்கின. 2001 மாசியில் குட்டைக் கை ஃபேஷன் ஆனது. குட்டைக் கை வரைந்தால் கீழே பாதித் தழும்பு தெரிந்தது. செழியன் பக்கத்திலிருந்த நல்ல தோலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஏரியை ஓரத்திலிருந்து தூர்த்துக்கொண்டே வந்து, மதகையும் மூடினான். ஒரு காப்பி குடிக்கிற நேரம் ஆனது. அந்த மத்தியானம்தான் மேலே சொன்னது நடந்தது.

மாம்பழக் கலர் ஜாக்கெட்டைச் சலவைக்காரர் மூன்று விதமாக வெளுத்துப் பார்த்தார். பிறகு கிளிப்பச்சை, பிறகு அரக்கு, பிறகு வெள்ளையில் பூப்போட்டது. கடையில் தைத்த எல்லா ஜாக்கெட்டிலும் இடது கையில் அந்த ஏரி வந்தது, துணி எந்த நிறமானாலும் அதைவிட ஒரு பிடி கருப்பாக. சாயம் சரியில்லை என்றார்கள். மெஷின் எண்ணெய் என்றார்கள். ஒரு டீச்சர், அப்படியே சமுத்திரம் ஏரி மாதிரி இருக்கிறது என்று வியந்துவிட்டு, காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். செழியன் மட்டும் முதல் ஜாக்கெட்டிலேயே அதை அடையாளம் கண்டுகொண்டான். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி கீழ்பென்னாத்தூர் போனான்.

பொன்னி கையை நீட்டிக் காட்டினாள். ஒன்றுமே இல்லை, குழந்தைக் கை மாதிரி இருந்தது.

"அண்ணாமலையார் குட்த்ததுடா," என்றாள். "மத்தியானம் படுத்து எழுந்து பாக்கறேன், காணோம். பவுர்ணமிக்கு வெறுங்கால்ல மலய சுத்திட்டு வந்துட்டேன். அவருக்கு ஒரு வார்த்த சொல்லணுமில்ல."

அந்தச் சுற்றில்தான், மலை சுற்றும் வழியில் அடி அண்ணாமலையில் சாமி படக் கடை வைத்திருக்கும் பரசுராமன் அவளைப் பார்த்திருக்கிறான். தங்கைகளைக் கரையேற்றுவதற்குள் அவனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அவள் ஒரு படம் வாங்கிக்கொண்டு, கால் வலிக்கிறதென்று கடை ஓரத்தில் உட்கார்ந்து, போவதற்கு முன்னால் அங்கே சாய்ந்து கிடந்த படங்களையெல்லாம் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அது அவனுக்குப் பிடித்துப் போயிற்று. அவன் தாய் காசியம்மாள் ஆள்விட்டு விசாரித்து, வந்து பார்த்து, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆவணியில் கல்யாணம். இதையெல்லாம் பேசி முடித்தது பக்கத்து வீட்டு சரசு. தம்பியிடம் சொல்ல பொன்னி கடைக்கு வரலாமா வேண்டாமா என்று யோசித்து, அவன் பொங்கலுக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். கல்யாணமே பொங்கலுக்கு முன்னால் என்பது அவளுக்கும் தெரியும். அதைக் கேட்ட பிறகும் செழியன் வந்த விஷயத்தைச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வினோதினிக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகி, ஜோதியம்மாள் வீட்டின் மொத்தத் துணியும் செழியன் கடைக்கு வந்தது. மணப்பெண்ணுக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்து ஓர் ஆல்பமே வேண்டும் என்றார். ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் உருவங்கள் ஒன்றை ஒன்று பார்க்கட்டும் என்று செழியன் உருவத்தை இடவலமாகத் திருப்பினான், கண்ணாடியில் பார்ப்பதுபோல. அன்றைக்குக் கீழ்பென்னாத்தூரில் பொன்னிக்கு அரிவாள் தானாக இடது கைக்குப் போனது. கோலப்பொடியும் இடது கைக்கே போனது. கல்யாண நினைப்பில் புத்தி இப்படிப் போகிறது என்று அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

ஆல்பம் அழகாக வந்தது. தைத்த ஜாக்கெட்டில் ஏரியும் வந்தது. கல்யாண ஜாக்கெட்டில் கறை இருந்தால் ஜோதியம்மாள் கடையை மட்டும் அல்ல, தெருவையே திட்டிவிட்டுப் போவார் என்று தெரிந்ததே. வேணுவிடம் செழியன் உள்ளதைச் சொன்னான். வேணு பதினெட்டு வருஷமாகத் துணி வெட்டுகிறவர், எதற்கும் ஆச்சரியப்பட மாட்டார்.

"அந்தப் படத்த விட்ருங்க சார்," என்றார். "முன்ன மாதிரி கையாலயே வரைஞ்சிக்கலாம். அக்காவ ஒரு நாள் கூட்டியாந்து இங்கயே நிக்க வெச்சி புச்சா ஒண்ணு போட்டுக்குங்க. ரெண்டு நாள் லேட்டாவும், அவ்ளோதான?"

அவ்வளவுதான். ஆனால் அக்காவைக் கூட்டி வந்து, கடை நடுவில், வேங்கிக்கால் அம்மாக்கள் பார்க்க நிற்க வைக்க வேண்டும். இது யார் என்று அவர்கள் கேட்பார்கள். செழியன் அதை நினைத்துப் பார்த்தான். அழித்த தழும்பைத் திரும்ப ஒட்டினால் ஜாக்கெட் சுத்தமாகிவிடும், அது போய்ச் சேரும் இடமும் அவனுக்குத் தெரியும். முழங்கை வரை ஜாக்கெட் போட்டால் தெரியாது, காலம் பூராவும் இருந்ததுதானே, ஊருக்கே தெரிந்ததுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கரண்ட் போய்த் திரும்பி வந்த ஒரு மத்தியானம், 1989 படத்திலிருந்து தழும்பை அப்படியே எடுத்துக் கொண்டுவந்து உருவத்தின் கையில், முன்பு அழித்த இடத்திலேயே ஒட்டினான். தெரிந்தே செய்தான். இதில் அவனுக்குச் சாதகமாகச் சொல்ல எதுவும் கிடையாது. கரண்ட் மறுபடி போய்விடுமோ என்ற அவசரத்தில், உருவம் திருப்பிப் போட்டபடியே இருக்கிறது என்பதைக்கூட அவன் கவனிக்கவில்லை. மறுநாள் வினோதினியின் ஜாக்கெட்டுகள் பளிச்சென்று இருந்தன. ஜோதியம்மாள் கடை முழுக்க இனிப்புக் கொடுத்தார்.

கூறைப் புடவைக்கு ஜாக்கெட் தைப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. அதனால் ஆனி மாதம் காசியம்மாள் பொன்னியிடம் அளவு ஜாக்கெட் வாங்கிப் போக வந்தார். அளவு ஜாக்கெட் என்பது பெண்ணுக்குச் சரியாக உட்காரும் பழைய ஜாக்கெட் ஒன்று, அதை வைத்துப் புதுசை வெட்டுவார்கள். பொன்னி துவைத்து மடித்து வைத்திருந்ததை எடுத்து வந்து இடது கையால் நீட்டினாள். காசியம்மாள் வாங்கவில்லை. நல்ல காரியத்துக்கு இடது கையா என்று பார்த்தவர் கண்ணில், பொன்னி இத்தனை நாள் முந்தானையால் மறைத்து வைத்திருந்த வலது கை பட்டது. தோளுக்குக் கீழே தொடங்கி முழங்கை வரை ஏரி இறங்கியிருந்தது, மதகு உட்பட. பொன்னிக்கு இடது கையில் ஒரு தழும்பு இருந்து மறைந்த கதை காசியம்மாளுக்கு ஏற்கெனவே தெரியும், சாமி கொடுத்தது என்று சந்தோஷமாகத்தான் கேட்டிருந்தார். இருந்த இடத்துக்கே திரும்பி வந்திருந்தால் தழும்பு தழும்புதான் என்று விட்டிருப்பார். கை மாறி வந்ததுதான் அவரைக் கலக்கிவிட்டது.

"இது சுட்ட தழும்பு இல்லம்மா, இது இன்னாவோ சீக்கு," என்றார். "இந்தக் கைலருந்து அந்தக் கைக்கு வந்துட்டுது. நாளைக்கி மூஞ்சிக்கு வந்தா? பொறக்கற கொழந்தைக்கி வந்தா? நான் இன்னாத்த கண்டேன்." கெட்ட மனசுள்ளவர் இல்லை, அழுதுகொண்டேதான் சொன்னார். அளவு ஜாக்கெட்டை வாங்காமலே பஸ் ஏறிவிட்டார்.

செய்தியை சரசு கடைக்கு வந்து சொன்னாள். அக்கா அழுது ஆகாத்தியம் பண்ணுவாள் என்று நினைத்துக்கொண்டு செழியன் கீழ்பென்னாத்தூர் போனான். பொன்னி வாசலில் உட்கார்ந்து இடது கையால் கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வலது கையை அவன் முன்னால் நீட்டினாள். தழும்பின் கரை ஓரமாகச் சாய்ந்த சாய்ந்த கோடுகள் இருந்தன. கொதிதண்ணீர் அப்படிக் கோடு போடாது, 2பி பென்சில்தான் போடும்.

"இது ஒங்கோடு தானடா?" என்று கேட்டாள்.

செழியன் கீழே சிதறிக் கிடந்த தோலைப் பொறுக்கத் தொடங்கினான்.

"அழிச்சதும் நீதானா?"

"ஆமாங்க்கா."

"நான் சாமின்னு நெனச்சிக்கினு மலய சுத்தினேன்," என்றாள். கொஞ்ச நேரம் உரித்தாள். "மூஞ்சி இல்லாம என்ன ஊரெல்லாம் காட்டின. போவட்டும், நல்லாதான் இருந்துச்சி. அக்கான்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு ஒனக்கு வாய் வரலியேடா. அப்பகூட நான் ஒண்ணும் கேக்கல."

செழியன் சட்டென்று எழுந்தான். ஒரு சொடுக்கில் இடது கைக்கே மாற்றிவிடலாம், இப்போதே போய் மாற்றிவிடுகிறேன் என்றான்.

"தொடாத," என்றாள் பொன்னி. "மறுபடி இந்தக் கைக்கு வந்தா, அந்தம்மா சொன்னது சரின்னு ஆயிடும். நீ அந்த மிசினத் தொடாத. வாயத் தொற."

செழியன் திரும்பி வந்து பல நாள் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியில் தலை சீவக்கூட முடியவில்லை. வேங்கிக்கால் அம்மாக்கள் டிசைன் காட்டச் சொன்னால் மெஷின் ரிப்பேர் என்றான். அவமானம் என்றால் அதுவரை அவனுக்குப் புழுதிக் காலும் வெற்றிலை வாயும்தான். இப்போது அது அவன் வீட்டிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டது. ஆடி பவுர்ணமி வந்தது. அடி அண்ணாமலையில் மலை சுற்றுகிற கூட்டம் நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்த சாயங்காலத்தில், அவன் 1989 படத்தையும் கம்ப்யூட்டரில் எடுத்த படத்தையும் சுருட்டிக்கொண்டு பரசுராமனின் கடைக்குப் போனான். பரசுராமன் ஒரு படத்துக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தான். காசியம்மாள் கல்லாவில் இருந்தார். வாங்க வந்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம் என்றுதான் செழியன் வந்தான், ஆனால் தனியாகப் பேசுவதென்றால் மறுபடி யாரும் இல்லாத இடத்தில்தான் அக்கா என்று சொன்னதாகும். இரண்டு படத்தையும் சாமி படங்களுக்கு நடுவே விரித்துப் பிடித்தான்.

"இது எங்க அக்கா பொன்னிங்க," என்றான். குரல் கீச்சென்று வந்தது. "கற்பனைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். தழும்ப அழிச்சதும் நான்தான். கடைக்கிப் பேரு கெட்டுடும்னு மறுபடி ஒட்டினதும் நான்தான். ஒட்டும்போது படம் இடவலமா திரும்பி இருந்துச்சி, நான் பாக்கல. அதனாலதான் கை மாறிப்போச்சி. சோத்துக் கையும் மாறிப்போச்சி. அவங்க ஒடம்புல ஒண்ணும் இல்லீங்க."

வாசலில் நின்ற கூட்டத்தில் ஜோதியம்மாளும் இருந்தார், பவுர்ணமிக்குப் பவுர்ணமி மலை சுற்றுகிறவர். அவர் ஓர் அடி முன்னால் வந்து, "ஊர்லருந்து வந்திருக்காங்கன்னு சொன்னியேப்பா, கொட்டப் பையோட, அந்தம்மாவா?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றான் செழியன். "அவங்கதான். எங்கூடப் பொறந்த அக்கா."

ஜோதியம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். ஒரு சாமி படத்துக்குக் காசு கொடுத்துவிட்டு நடந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று செழியனுக்குத் தோன்றியது.

பரசுராமன் சுத்தியலை வைத்துவிட்டு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். உள்ளே போய் மேல்தட்டிலிருந்து ஓர் அர்த்தநாரீஸ்வரர் படத்தை எடுத்து வந்தான். "போன கார்த்திகை தீபத்துக்கு இந்தப் படம் ஒரு கட்டு இப்படித்தாங்க வந்துச்சி," என்றான். "அச்சாபீஸ்ல திருப்பிப் போட்டுட்டாங்க. எடப் பக்கம் இருக்க வேண்டிய அம்மன் வலப் பக்கம் வந்துட்டாங்க பாருங்க. திருப்பி அனுப்ப நேரமில்ல, அப்டியே வித்தோம்." தாயின் பக்கம் திரும்பினான். "யாராச்சும் திருப்பிக் கொண்டாந்தாங்களாம்மா?"

"ஒருத்தரும் கொண்டாரல," என்றார் காசியம்மாள். "நம்ம வீட்லயே அதான் மாட்டி வெச்சிருக்குது." பிறகு செழியனைப் பார்த்து, "அப்ப இது சீக்கு இல்லியா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா. என் தப்பு."

"ஒந் தப்பு தொத்துமா?"

செழியன் யோசித்து, "தெரியலீங்க," என்றான். அது காசியம்மாளுக்குத் திருப்தியாக இருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் அளவு ஜாக்கெட்டைக் கேட்டார். பொன்னி இடது கையால் கொடுத்தாள், அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பொன்னி குட்டைக் கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. தாலி கட்டி முடிந்ததும் தம்பியைக் கூப்பிட்டு, பாக்கி வைத்த முகத்தைப் போடச் சொன்னாள். அவன் சாப்பாட்டுப் பந்திக்குப் போகாமல் பென்சிலோடு அவள் எதிரில் உட்கார்ந்தான். அவளை நேராகப் பார்த்து வரைய வேண்டியிருந்ததால், அன்று அவன் பட்டது கொஞ்சமல்ல. பரசுராமன் அந்தப் படத்துக்குச் சட்டம் அடித்துக் கடைக்கு உள்ளே மாட்டினான். சிலர் அதையும் சாமி என்று நினைத்து விலை கேட்பதுண்டு.

செழியன் கடை இன்னும் நடக்கிறது. கம்ப்யூட்டர் மூன்று தடவை மாறிவிட்டது, உருவங்களும் வேறு. பொன்னியின் உருவத்தை மட்டும் அவன் திறப்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை. அழித்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, அவனுக்குத் தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை. ஃப்ளாப்பியிலிருந்து சிடிக்கு, சிடியிலிருந்து பென் டிரைவுக்கு என்று மாற்றி, ஒன்றை வீட்டிலும் ஒன்றை வேணு வீட்டிலும் ஒன்றைச் சட்டைப் பையிலும் வைத்திருக்கிறான். வைரஸ் என்ற பேச்சு வந்தாலே கீழ்பென்னாத்தூர் நிலத்தில் விளைந்ததை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போய் அக்காவை நலம் விசாரித்துவிட்டு வருகிறான்.

பவுர்ணமிக்குப் பவுர்ணமி பொன்னி அடி அண்ணாமலைக் கடை வாசலில் நின்று சாமி படமும் விபூதியும் விற்கிறாள். எல்லாவற்றையும் இடது கையால்தான் கொடுக்கிறாள். வெளியூர்க்காரர்கள் முதலில் ஒரு கணம் தயங்குவார்கள், பக்கத்தில் நிற்கும் ஊர்க்காரர் யாராவது, வாங்கிக்குங்க, அவங்களுக்கு அதான் சோத்துக் கை என்பார்கள், வாங்கிக்கொள்வார்கள். செழியன் மாதம் தவறாமல் மலை சுற்றுகிறான். கடை வந்ததும் மற்றவர்களோடு வரிசையில் நிற்கிறான். தன் முறை வந்து அவள் இடது கையால் விபூதியை நீட்டும்போது, வலது கையில் ஏரி நிலா வெளிச்சத்தில் நன்றாகவே தெரியும். அவன் தலையைக் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறான்.